அமெரிக்க ஜனாதிபதியும் எமது பிரதேசப் பத்திரிகைகளும்: செய்தி உறவின் அரசியற் பொருளாதாரம் பற்றிய சில குறிப்புகள்

1

2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுத் திருப்பலி நடைபெற்றுக்கொண்டிருந்த வேளையிற் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. அதே காலையில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களும் கொழும்பின் மூன்று பெரிய விடுதிகளும் தாக்கப்பட்டன. சில மணி நேரத்தின் பின்னர் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் தமது ட்விட்டர் பக்கத்தில் இலங்கை மக்களுக்கு அனுதாபம் தெரிவித்தார். அவ்வனுதாபச் செய்தியில் இறந்தோர் தொகை 138 மில்லியன் எனக் குறிப்பிடப்பட்டிருந்தது. இலங்கையின் முழுச் சனத்தொகையே 22 மில்லியனளவுதான். அன்றைய நேரத்திற் செய்தி நிறுவனங்கள் அறிவித்திருந்த தொகை 138 பேர். 'மில்லியன்' என்ற சொல் இடையிலே புகுந்துவிட்டது. தவறு சிறிது நேரத்தில் திருத்தப்பட்டது.

இதனை ஒரு கைப்பிழை என ஒதுக்கிவிடலாம். பலரும் அவ்வாறே ஒதுக்கினர். வேறு சிலர் அதனை நகைப்புக்குரியதாக்கினர். ஆயின் நாம் இப்பிழையைக் கட்டுரையின் தொடக்கமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. எமது தெருவொன்றிலே இறந்தோரின் எண்ணிக்கையை ஆறு இலங்கைகளின் சனத்தொகையிலும் அதிகமாக எழுதியபோதும் எழுதியவருக்கு அது உடனே உறுத்தவில்லை. எழுதப்பட்டது எண்ணாக மாத்திரம் இருந்தமையே அதற்குக் காரணம். கொச்சிக்கடையிலோ இறந்தோர் எண்ணாக இருக்கவில்லை. பத்திரிகைகளின் மரண அறிவித்தற் பத்திகளிலும் வீதியோரக் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளிலும் அவர்கள் பெயராகவும், வயதாகவும், இன்னாரின் மகளாகவும், இன்னாரின் தந்தையாகவும் இருந்தனர்.

மறுதலையாக, அமெரிக்காவைப் பற்றி எமது பத்திரிகைகளில் நாம் வாசிப்பது என்ன? அங்கு எமக்கு எண்கள் கிடைப்பதில்லை, பெயரொன்றே கிடைக்கின்றது. கென்னடி, நிக்சன், ரீகன், புஷ், ஒபாமா, ட்ரம்ப் என்ற வரிசையில் ஒரு தனிமனிதர் பெயர். அவர் எச்சரிக்கிறார், வரவேற்கிறார், கவலை தெரிவிக்கிறார். அவருக்குப் பின்னாலுள்ள நிறுவனங்களும் நலன்களும் செய்தியில் இடம்பெறுவதில்லை. எம்மிடமிருந்து அங்கு எண் போகின்றது. அங்கிருந்து எமக்குப் பெயர் வருகின்றது. இவ்விரு போக்குகளும் ஒரே உறவின் இரு பக்கங்கள் என்பதே இக்கட்டுரையிற் காட்ட முற்படும் கருத்தாகும்.

2

'பிரதேசப் பத்திரிகை' என்னும் தொடரை முதலில் விளக்கிக்கொள்ளுதல் அவசியம். ஐக்கிய அமெரிக்காவிலே இத்தொடர் வாஷிங்டனுக்கும் நியூயோர்க்குக்கும் வெளியே, ஓகையோவிலோ அயோவாவிலோ சிறு நகரங்களில் வெளிவரும் பத்திரிகைகளைக் குறிக்கும். தலைநகரப் பத்திரிகையாளரின் கேள்விகளை விரும்பாத ஜனாதிபதிகள் இச்சிறு பத்திரிகைகளை நேரடியாக அணுக முயன்றமை அந்நாட்டு வரலாற்றிற் பலமுறை நிகழ்ந்ததாகும். ரிச்சர்ட் நிக்சன் 1969இல் வெள்ளை மாளிகையிற் புதியதொரு தொடர்பாடல் அலுவலகத்தை அமைத்து, ஹேர்பேர்ட் கிளைன் என்பாரை அதற்குப் பொறுப்பாக்கியபோது, தலைநகரத்துக்கு வெளியேயுள்ள பத்திரிகைகளை எட்டுதல் அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது.

எனினும் அச்சிறு நகரப் பத்திரிகைக்கு வெள்ளை மாளிகையில் நிரந்தர நிருபர் ஒருவரை வைத்திருக்க வசதியில்லை. ஜனாதிபதி பேசியதை அது செய்தி நிறுவனத்தின் வாயிலாகவே அறிகின்றது. 1846இல் நியூயோர்க் பத்திரிகைகள் சிலவற்றின் கூட்டு முயற்சியாகத் தொடங்கிய அசோசியேற்றட் பிரஸ் இத்தகைய பத்திரிகைகளின் கண்ணாகவும் காதாகவும் இருந்துவந்துள்ளது. 2025 பெப்ரவரியில், மெக்சிக்கோ வளைகுடாவுக்கு ஜனாதிபதி ட்ரம்ப் சூட்டிய புதிய பெயரை ஏற்று எழுதாமைக்காக இந்நிறுவனத்தின் நிருபர்கள் வெள்ளை மாளிகையின் சில நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கப்பட்டனர். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. ஒரு சொல்லுக்காகச் செய்தி நிறுவனமொன்று கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டமை பேசப்பட்ட அளவுக்கு, அதன் செய்தியை நம்பியிருக்கும் நூற்றுக்கணக்கான சிறு பத்திரிகைகளின் நிலை பேசப்படவில்லை.

இப்பின்னணியில் நோக்கும்பொழுது, உலகச் செய்தி அமைப்பிலே எமது நாடு முழுவதுமே ஒரு 'பிரதேசம்' என்பது புலனாகும். கொச்சிக்கடைக்கு அண்மையில், கிராண்ட்பாஸிலிருந்து 1930 தொடக்கம் வெளிவரும் 'வீரகேசரி'யும், 1932இல் லேக் ஹவுஸ் நிறுவனம் தொடங்கிய 'தினகர'னும், 1985 முதல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரும் 'உதய'னும், 1997இற் கொழும்பில் ஆரம்பித்த 'தினக்குர'லும் அமெரிக்க ஜனாதிபதியைப் பொறுத்தவரை அயோவாவின் சிறு பத்திரிகை நிற்கும் வரிசையிலேயே, அதற்கும் பின்னால், நிற்கின்றன. அயோவாவின் வாசகருக்கு வாக்குரிமை உண்டு. அதனால் ஜனாதிபதி அவரை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கின்றது. எமது வாசகருக்கு அதுவும் இல்லை. ஆனால் அந்த ஜனாதிபதியின் தீர்மானங்கள் அவரது உணவையும் ஊதியத்தையும் தொடுகின்றன.

3

இவ்வமைப்புத் தற்செயலாகத் தோன்றியதன்று. 1870இல் ஐரோப்பாவின் மூன்று பெரும் செய்தி நிறுவனங்களான பிரான்சின் ஹவாஸ், பிரித்தானியாவின் ரொய்ட்டர், ஜேர்மனியின் வூல்ஃப் ஆகியன உலகைத் தமக்குள் பங்கிட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரித்தானியப் பேரரசும் கீழைத்தேயத்தின் பெரும் பகுதியும் ரொய்ட்டருக்கு உரியனவாயின. குடியேற்ற நாடுகள் பங்கிடப்பட்ட அதே காலப்பகுதியிற் செய்திச் சந்தையும் பங்கிடப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. தந்திக் கம்பி வணிகத்தினதும் படையினதும் பாதையிலே சென்றது. செய்தி அக்கம்பியிலே சென்றது.

இங்கு பெரிதும் கவனிக்கப்படாத ஓர் உண்மையைக் குறிப்பிடல் வேண்டும். இப்பங்கீட்டினால் முதலிற் குறைபட்டுக்கொண்டவர்களுள் அமெரிக்கரும் அடங்குவர். அசோசியேற்றட் பிரஸ் நிறுவனத்தின் பொது முகாமையாளராயிருந்த கென்ற் கூப்பர் 1942இல் வெளியிட்ட நூலில், ரொய்ட்டர் உலகுக்கு அளித்த அமெரிக்கா செவ்விந்தியர் தாக்குதல்களும் தெற்கிலே நீக்ரோக்களைக் கூட்டமாகக் கொல்லுதலும் விசித்திரக் குற்றங்களும் நிறைந்த அமெரிக்காவே என முறையிட்டார். எம்மைப் பற்றிய செய்தி எம்மால் எழுதப்படவில்லை என்பதே அவரது வாதத்தின் சாரம். முப்பதாண்டுகளின் பின்னர் ஆசிய, ஆபிரிக்க நாடுகள் இதே முறைப்பாட்டை, ஏறக்குறைய இதே சொற்களில் எழுப்பின. அப்பொழுது அமெரிக்கா கேட்கும் இடத்தில் இருந்தது. முறைப்பாடு அதற்குப் பத்திரிகைச் சுதந்திரத்தின் மீதான தாக்குதலாகத் தோன்றியது. 1945இன் பின்னர் 'செய்தியின் தங்குதடையற்ற ஓட்டம்' என்ற கோட்பாட்டை அமெரிக்கா முன்வைத்தது. கோட்பாடு தன்னளவில் நல்லதே. ஆனால் கப்பல்களை ஒரு தரப்பே வைத்திருக்கும் கடலில் 'கடல் எல்லோருக்கும் பொது' என்பது எவ்வளவுக்கு உண்மையோ, அவ்வளவுக்கே இதுவும் உண்மை. கொழும்புத் துறைமுகத்தின் அயலில் வாழ்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

4

இவ்வமைப்பினுள்ளே அமெரிக்க ஜனாதிபதி எமது வாசகருக்கு எவ்வாறு தனிமனிதராக வந்து சேர்ந்தார் என்பதற்கு 1963ஆம் ஆண்டு தக்க எடுத்துக்காட்டாகும்.

சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் 1961இற் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, எஸ்ஸோ, கால்ரெக்ஸ், ஷெல் ஆகிய வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகளின் சொத்துக்களிற் சிலவற்றைச் சுவீகரித்தது. அமெரிக்கக் கம்பெனிகளுக்குரிய நட்டஈடு பற்றிய பிணக்குத் தீராத நிலையில், 1963 பெப்ரவரியில் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. அப்பொழுது ஜனாதிபதி ஜோன் எவ். கென்னடி. அமெரிக்கச் சொத்துக்களைக் கையகப்படுத்தி, ஆறு மாதத்துள் நட்டஈட்டுக்கு நடவடிக்கை எடுக்காத நாடுகளுக்கு உதவியை நிறுத்த வேண்டும் எனக் காங்கிரஸ் சபை 1962இல் உதவிச் சட்டத்தில் ஒரு திருத்தத்தை ஏற்படுத்தியிருந்தது. அத்திருத்தம் முதன்முதலிற் பிரயோகிக்கப்பட்ட நாடு இலங்கையே. ஜனாதிபதியின் விருப்பு வெறுப்பு எதுவாயினும், அவரது கையொப்பத்தின் பின்னால் ஒரு சட்டமும், அச்சட்டத்தின் பின்னால் எண்ணெய் மூலதனத்தின் நலனும் நின்றன. 1965இல் ஆட்சிக்கு வந்த டட்லி சேனநாயக்க அரசாங்கம் நட்டஈட்டுக்கு இணங்கிய பின்னரே உதவி மீண்டது.

அதே 1963 நவம்பர் 22ஆம் திகதி கென்னடி டலஸ் நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மரணம் எமது மக்களை ஆழமாகத் தொட்டது. எமக்கு முந்திய தலைமுறையிற் 'கென்னடி' என்ற பெயரைத் தாங்கியவர்களைத் தமிழ் பேசும் பிரதேசங்கள் பலவற்றிலும், குறிப்பாகக் கத்தோலிக்கக் குடும்பங்களிடையே, காணலாம். அவர் கத்தோலிக்கர், இளமையானவர், மனைவி மக்களோடு படங்களிலே தோன்றியவர். இவ்வுணர்வை நாம் ஏளனஞ் செய்தல் ஆகாது. சாதாரண மக்கள் தூரத்து மனிதர் ஒருவரின் சாவுக்குத் துயருற்றமை அவர்களின் மனிதநேயத்தையே காட்டுகின்றது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. ஒரே ஆண்டின் பெப்ரவரித் தீர்மானம் குடும்ப நினைவில் தங்கவில்லை. நவம்பர் மரணம் பிள்ளைகளின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஏன்? மரணத்துக்கு முகம் உண்டு. சட்டத் திருத்தத்துக்கு முகம் இல்லை. முகமுள்ளதைக் கடத்துவதற்கே செய்தி அமைப்புப் பழகியுள்ளது.

மொழி நிலையிலும் இதனை நோக்கலாம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் தமது நாட்டுத் தலைவரைக் 'குடியரசுத் தலைவர்' என்றும் அமெரிக்கத் தலைவரை 'அதிபர்' என்றும் வேறுபடுத்தி வழங்குவன. இலங்கைத் தமிழில் 'அதிபர்' என்றால் பாடசாலைத் தலைவரே மனதில் வருவார். எமது வழக்கில் இரு நாட்டுத் தலைவர்களும் 'ஜனாதிபதி'யே. 1978இல் நிறைவேற்றதிகாரமுள்ள ஜனாதிபதி முறை இங்கு ஏற்படுத்தப்பட்ட பின்னர், எல்லா அதிகாரமும் ஒருவரிடம் குவிந்த பதவி என்ற எமது அனுபவத்தை அச்சொல் தன்னுடன் சுமக்கத் தொடங்கியது. வாசகர் அந்த அனுபவத்தையே அமெரிக்க ஜனாதிபதிமீதும் ஏற்றிப் பார்க்கிறார். காங்கிரஸ் சபை, நீதிமன்றம், கம்பெனிகள், படைத்துறை ஆகியவற்றிடையே அவர் நிற்கும் இடம் மறைந்துபோகின்றது. நள்ளிரவில் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் உதவி ஆசிரியர் 'வாஷிங்டன்', 'வெள்ளை மாளிகை', 'நிர்வாகம்' என மூலத்தில் வேறுபட்டு நிற்பனவற்றை இட நெருக்கடியாலும் நேர நெருக்கடியாலும் 'ஜனாதிபதி தெரிவித்துள்ளார்' என ஒன்றாக்கிவிடுவது இயல்பு. அது அவரது குற்றமன்று. குறைந்த ஊதியத்தில், குறைந்த ஆட்பலத்தில் நடைபெறும் உற்பத்தி முறையின் விளைவு.

5

இவ்வுறவை மாற்ற எடுக்கப்பட்ட மிகப் பெரிய முயற்சியொன்று கொழும்போடு தொடர்புடையது. 1976 ஓகஸ்ட் 16 முதல் 19 வரை பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடைபெற்ற அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு, புதிய பொருளாதார ஒழுங்கைப் போன்றே செய்தித் துறையிலும் புதிய ஒழுங்கு இன்றியமையாதது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அணிசேரா நாடுகளின் செய்தி நிறுவனக் கூட்டிணைப்பையும் அது ஆதரித்தது. இக்கோரிக்கை யுனெஸ்கோவுக்குச் சென்றது; அயர்லாந்தைச் சேர்ந்த ஷோன் மக்பிரைட் தலைமையிலான ஆணைக்குழுவின் அறிக்கை 1980இல் வெளிவந்தது.

அமெரிக்கப் பத்திரிகை உரிமையாளர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஜனாதிபதி ரீகனின் அரசாங்கம் 1983 டிசெம்பரில் விலகல் அறிவித்தல் கொடுத்து, 1984 இறுதியில் யுனெஸ்கோவை விட்டு வெளியேறியது. யுனெஸ்கோ அரசியல்மயமாகிவிட்டது, பத்திரிகைச் சுதந்திரத்துக்கு எதிராகப் போகின்றது, அதன் செலவினங்கள் கட்டுமீறிவிட்டன என்பன கூறப்பட்ட காரணங்கள். அமெரிக்கா 2003இல் மீண்டும் சேர்ந்தது, 2018 இறுதியில் மீண்டும் விலகியது, 2023இல் இணைந்தது, 2025 யூலையில் மறுபடியும் விலகுவதாக அறிவித்தது. பிந்திய விலகல்களின் காரணங்கள் வேறாயினும், உலகப் பொது நிறுவனமொன்றிற் பேசுவதும் பேசாமல் எழுந்து செல்வதும் ஒரு தரப்பின் விருப்பத்தில் தங்கியுள்ளமையை இவ்வரிசை காட்டுகின்றது.

முற்போக்காளர் பலர் இக்கதையை இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வது வழக்கம். நாம் அவ்வாறு நிறுத்துதல் நேர்மையாகாது. 1976இற் புதிய செய்தி ஒழுங்கைக் கோரிய மாநாட்டைக் கூட்டிய அரசாங்கம், தன் நாட்டில் என்ன செய்திருந்தது? 1973இல் லேக் ஹவுஸ் நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டிற் கொண்டுவந்தது. ஒரு குடும்பத்தின் ஏகபோகத்தை உடைத்தல் என்ற அளவில் அதற்கு நியாயம் இருந்தது. இடதுசாரிகளும் அதனை ஆதரித்தனர். ஆனால் ஏகபோகம் மக்களிடம் வரவில்லை. அடுத்தடுத்து வந்த அரசாங்கங்களின் கையில் அது தங்கிவிட்டது. 1974இற் குணசேன குழுமத்தின் அச்சகம் முத்திரையிடப்பட்டபொழுது, சிங்கள, ஆங்கில ஏடுகளோடு 'தினபதி', 'சிந்தாமணி' ஆகிய தமிழ் ஏடுகளும் நின்றுபோயின. ஆகவே மாநாட்டு மண்டபத்திலே உலகச் செய்தியோட்டத்தின் சமமின்மை கண்டிக்கப்பட்டபோது, அதே நகரின் தமிழ் ஏடுகள் இரண்டு பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தன.

பின்வந்தவை இதனினும் கொடியன. 1981 யூனில் யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிக்கப்பட்ட நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. 2006இல் யுனெஸ்கோ உலகப் பத்திரிகைச் சுதந்திர தின மாநாட்டைக் கொழும்பில் நடத்திய அதே நாட்களில், மே 2ஆம் திகதி, 'உதயன்' அலுவலகத்தினுள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றனர். தமிழ்ப் பத்திரிகையாளர் அரசின் பக்கத்திலிருந்து மட்டுமன்றி, தமிழ் ஆயுத இயக்கங்களிடமிருந்தும் அச்சுறுத்தலுக்கு ஆளாகினர் என்பதையும் மறைத்தல் ஆகாது. வாஷிங்டனின் 'தங்குதடையற்ற ஓட்ட'மும், எமது அரசுகளின் 'தேசியச் செய்தி இறைமை'யும் ஒன்றையொன்று மறுத்து நின்றன. இரண்டின் இடையிலும் பிரதேசப் பத்திரிகைக்குக் குரல் கிடைக்கவில்லை.

6

அவ்வாறாயின் அமெரிக்க ஜனாதிபதிக்கும் தூரதேசத்து உழைக்கும் மக்களுக்குமிடையே இருவழித் தொடர்பு என்றுமே சாத்தியப்படவில்லையா? வரலாற்றில் ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென்மாநிலப் பருத்தி வராது இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன, தொழிலாளர் பட்டினியுற்றனர். எல்லோரும் ஒரே நிலைப்பாட்டில் நின்றனர் என்பதற்கில்லை. எனினும் 1862 டிசெம்பர் 31ஆம் திகதி மான்செஸ்டரிற் கூடிய தொழிலாளர், அடிமை முறைக்கு எதிராக லிங்கனை ஆதரித்து மடல் அனுப்பினர். 1863 ஜனவரி 19ஆம் திகதியிட்டு லிங்கன் அதற்குப் பதில் எழுதினார். 1864இல் அவர் மீளத் தெரிவானபோது, சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் வாழ்த்துமடலை வரைந்தவர் கார்ல் மார்க்ஸ். அவரே அதற்கு முன் பத்தாண்டுகள் 'நியூயோர்க் டெய்லி ரிபியூன்' பத்திரிகைக்கு எழுதிவந்தவர். அத்தொழிலாளர் எண்ணாக அன்றி, முகவரியுடைய மனிதராக ஜனாதிபதியை அடைந்தமைக்குக் காரணம் அவர்களுக்குச் சங்கமும் கூட்டமும் தமக்கென ஏடுகளும் இருந்தமையே.

இவ்வரலாறு எமக்கு அந்நியமானதன்று. 1920களிற் கோ. நடேசய்யர் கொழும்பிலிருந்து நடத்திய 'தேசபக்தன்', செய்தியை மேலிருந்து பெற்று இறக்காமல், உழைப்பவரின் இடத்திலிருந்து எழுதிய பத்திரிகை. 1927இன் கொழும்புத் துறைமுக வேலைநிறுத்தக் காலம் அது.

இன்று இது பழங்கதையுமன்று. 2025 ஏப்ரில் 2ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வையை அறிவித்தார். பின்னர் அது யூலையில் 30 ஆகவும், மாத இறுதியில் 20 ஆகவும் குறைக்கப்பட்டது. எமது ஏற்றுமதியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு அமெரிக்காவுக்கே செல்கின்றது. அதிற் பெரும்பகுதி தைத்த ஆடைகள். தலைப்புகளில் ஒரு மனிதரின் பெயரும் ஒரு சதவீதமும் நின்றன. கட்டுநாயக்க வலயத்திற் சட்டைக் கைகளைத் தைக்கும் பெண், கொள்கலனைத் துறைமுகத்துக்கு இழுத்துச் செல்லும் சாரதி, அக்கொள்கலனைக் கொச்சிக்கடைக்கு எதிரே கப்பலேற்றும் தொழிலாளி ஆகியோர் அச்செய்தியின் உண்மையான பாத்திரங்கள். அவர்களுக்குக் கிடைத்தது வாசகரின் இடம் மாத்திரமே.

எனவே எமது பிரதேசப் பத்திரிகைகளின் முன்னுள்ள பணி அமெரிக்க ஜனாதிபதியைப் புகழ்வதோ இகழ்வதோ அன்று. இரண்டுமே அவரைத் தனிமனிதராகவே நிலைநிறுத்துவன. வாஷிங்டனிலிருந்து வரும் பெயருக்குப் பின்னாலுள்ள சட்டத்தையும் நலனையும் எண்ணையும் தேடி எழுதுதல் ஒன்று. இங்கிருந்து போகும் எண்ணுக்குப் பெயரும் தொழிலும் தெருவும் கொடுத்தல் மற்றொன்று. முதலாவதற்கு நிருபருக்குப் பொருளாதார அறிவும் கௌரவமான ஊதியமும் வேண்டும். இரண்டாவதற்குத் துறைமுகத்திலும் வலயத்திலும் தோட்டத்திலும் செய்தியாளர் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் இதில் விலகி நிற்க முடியாது. 1963இன் பெப்ரவரி, நவம்பர் மாதங்களின் தமிழ் ஏடுகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அருகருகே வைத்து வாசிக்கும் மாணவர் ஒருவர், செய்தித் தமிழின் அரசியலைப் பல கோட்பாட்டு நூல்களிலும் தெளிவாக அறிந்துகொள்வார்.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில் இறந்தோர் தொகையை எமது அரசாங்கமே முதலில் 359 என்றது. மறுநாள் 253 எனக் குறைத்தது. காயமுற்றோர் இறக்க, அது பின்னர் 260ஐத் தாண்டியது. ஜனாதிபதிகளும் அமைச்சர்களும் தொகையிற் பிழைவிட்டனர். தேவாலயத்தின் பட்டியலிற் பிழையில்லை. அங்கு ஒவ்வொருவரும் பெயராற் பதியப்பட்டிருந்தனர். எமது பத்திரிகைகள் கற்கவேண்டிய கணக்கு அதுவே.